கூதிர் காலத்தில் சேர்வராயன் மலையில் உயிரினங்களைக் காண்பதற்கு ஒரு வழிகாட்டி

மே மாதக் கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்கள் ஏராளம். அந்தக் கூட்டமெல்லாம் இறங்கிப் போய், புரட்டாசி முடியும் தறுவாயில்தான் இம்மலைக்கு வேறு வகை விருந்தினர் வரத் தொடங்குகின்றனர். இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் அதற்கும் அப்பாலிருந்தும் புறப்பட்ட வாலாட்டிகளும் கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் காப்பித் தோட்டங்களில் வந்து இறங்குகின்றன. பட்டாம்பூச்சிகள் மேற்கு நோக்கிக் கூட்டமாகக் கடக்கின்றன. காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியதும் இரவு விலங்குகள் தோட்டத்துக்குள் வருகின்றன. பழந்தமிழர் கூதிர் என்று பெயரிட்ட ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு மாதங்களில் சேலத்திலிருந்து ஒரு நாளோ ஓர் இரவோ மலையேறி இவற்றைப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். முதுமலையில் இருப்பதுபோல வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விலங்குகளைக் காட்டும் ஏற்பாடு சேர்வராயன் மலையில் கிடையாது. காப்புக்காடு, காப்பி எஸ்டேட், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், பாறைச் சரிவு, ஓடை ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மலை இது. உயிரினங்கள் இவற்றின் ஓரங்களில்தான் வாழ்கின்றன. எனவே பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் என்று ஒரே நாளில் பத்து இடங்களுக்கு ஓடுகிறவருக்குக் குரங்கைத் தவிர வேறொன்றும் தென்படாது. ஓர் ஓரத்தைத் தேர்ந்தெடுத்து ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்காருகிறவருக்குத்தான் இந்த மலை தன்னிடம் உள்ளதைக் காட்டும். எந்த ஓரம், எந்த நேரம், எப்படி உட்காருவது என்பவற்றைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

மழைக்கு நடுவே நாள் பார்ப்பது

‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பது சொலவடை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பிற்பாதியில் தொடங்கி டிசம்பர் வரை நீடிப்பதால், மழைக்குப் பயந்தால் இந்தப் பருவத்தில் மலைக்குப் போகவே முடியாது. மழைக்கு இடையில் விழும் இடைவெளியைப் பிடிப்பதே உத்தி. இரண்டு நாள் விடாமல் பெய்துவிட்டு மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்தால், அந்தக் காலையை எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது. இரண்டு நாள் நனைந்து பசித்திருந்த பறவைகள் வெயில் பட்ட மரங்களின் உச்சிக்கு வந்து இறகு உலர்த்துகின்றன. அதே நேரத்தில் புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிறது. சாலையோரத்தில் ஈசல் புறப்படும் ஒரு புற்றைக் கண்டுவிட்டால் அன்றைக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஒருமுறை நாகலூர் செல்லும் சாலையில் அப்படி ஒரு புற்றின் எதிரே குடையை மடித்துவைத்துவிட்டு அமர்ந்தேன். கரிச்சான்கள் மின்கம்பியிலிருந்து பாய்ந்து பாய்ந்து பிடித்தன. தகைவிலான்கள் தலைக்கு மேல் வட்டமிட்டன. செம்மீசைச் சின்னான்கள் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு தரைக்கே இறங்கி, பறக்கத் தெரியாத குஞ்சுகளைப்போலத் துள்ளித் துள்ளிப் பொறுக்கின. இறகு உதிர்ந்த ஈசல்களை எறும்புகள் இழுத்துப் போயின. அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

சேலத்தில் இந்த மாதங்களில் காலை ஆறு மணியை ஒட்டியே விடிகிறது. ஆறேகாலிலிருந்து எட்டரை வரை உள்ள நேரமே சிறந்தது. மாலையில் மூன்றரை முதல் ஐந்தரை வரையிலும் நன்றாகவே இருக்கும். ஆனால் பிற்பகலுக்குப் பிறகு மழை பிடித்துக்கொள்ளும் நாள்கள் மிகுதி என்பதால் மாலையை மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது. மலை உச்சியில் மூடுபனி கவிந்திருந்தால் பலர் விடுதி அறையிலேயே காத்திருந்து காலையை வீணாக்குகின்றனர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் சேலம் முந்நூறு மீட்டருக்குக் கீழும் இருப்பதால், மேலே கையெட்டும் தொலைவு தெரியாத நேரத்தில் மலைப்பாதையின் நடுப்பகுதி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். பத்தாவது கொண்டை ஊசி வளைவு வரை இறங்கிப் பாருங்கள். பனிக்குக் கீழே வந்துவிட்டால் பார்ப்பதற்கு வேண்டிய வெளிச்சம் கிடைத்துவிடும்.

ஆயுத பூசை விடுமுறை, தீபாவளி, அவற்றை ஒட்டிய சனி, ஞாயிறு ஆகிய நாள்களை அடியோடு தவிர்த்துவிடுங்கள். வண்டி ஹாரனும் பட்டாசும் ஒலிக்கும் மலையில் கேளையாடு என்னும் சிறு மான் வராது. புயல் எச்சரிக்கை இருக்கும் நாள்களில் போகவே கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது பலருக்கு நினைவிருக்கும்.

கையில் என்ன வேண்டும்

அதிகமாக ஒன்றும் வேண்டாம். 8×42 அளவுள்ள, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை கொண்ட ஒரு பைனாகுலர் போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி காப்பித் தோட்டத்தின் மங்கலான வெளிச்சத்திலும் நடுங்கும் கையிலும் பயன்படுவதைவிடத் தொல்லையே அதிகம் தரும். ஏசி போட்ட காரில் வைத்திருந்த பைனாகுலரை வெளியே எடுத்ததும் ஈரக்காற்று பட்டு வில்லை வெளுத்துவிடும். ஆகவே போய்ச் சேருவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவது நல்லது. துடைக்க ஒரு பருத்தித் துணி, சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு, பென்சில் (மழையில் பேனா மை கரைந்துவிடும்), கணுக்காலை மூடும் காலணி, குடை. மழைக்கோட்டைவிடக் குடைதான் எனக்குப் பிடித்தம். மழைக்கோட்டு ஒவ்வோர் அசைவிலும் சரசரக்கும். பச்சையோ பழுப்போ சாம்பலோ ஆன மங்கலான உடை அணியுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். மெத்தென்று அமர ஒரு துண்டுத் தார்ப்பாயும் இருந்தால் ஈரப்பாறையில் ஒன்றரை மணி நேரம் பொறுமையாக உட்கார முடியும்.

தின்பண்டத்தைப் பையின் அடியில் வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் காத்திருக்கும் நாட்டுக்குரங்குகளுக்கு ரொட்டிப் பொட்டலத்தின் சரசரப்பு நன்றாகத் தெரியும். காலைச் சிற்றுண்டியோடு குறிப்பேட்டையும் சேர்த்து ஒரு பெண்குரங்கிடம் பறிகொடுத்தவன் நான். இட்லியை அது தின்றது; குறிப்பேட்டை ஒரு பக்கம் விடாமல் கிழித்துப் பள்ளத்தில் போட்டது. அவற்றுக்கு உணவு கொடுப்பவர்களே இந்தப் பழக்கத்தை வளர்த்தவர்கள் என்பதால் குரங்கின் மீது எனக்குக் கோபமில்லை.

அடிவாரமும் நடுச்சரிவும்

கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் தொடங்கும் முதன்மைச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருப்பதால், எதை எங்கே பார்த்தோம் என்று குறித்துக்கொள்ள அந்த எண்களே போதும். அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக ஏறும் இன்னொரு சாலையும் உண்டு. அதில் போக்குவரத்து குறைவு. பறவை பார்க்கிறவருக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

அடிவாரத்தில் உள்ளது முட்புதர்க் காடு. மயில், கவுதாரி, வெண்புருவச் சின்னான் ஆகியவை இங்கே ஆண்டு முழுவதும் இருப்பவை. கூதிரில் இவற்றோடு பழுப்புக் கீச்சான் சேர்ந்துகொள்கிறது. கண்ணுக்குக் குறுக்கே கரும்பட்டையிட்ட இந்தச் சிறு பறவை வந்த முதல் வாரத்தில் ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு, அதன் உச்சியிலிருந்து கரகரவென்று கத்தி எல்லையை அறிவித்துவிடும். பிறகு தை, மாசி வரை அதே புதரில் அதைக் காணலாம்.

நடுச்சரிவுப் பாறைகளில்தான் இம்மலையின் அரிய பறவையைத் தேட வேண்டும். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்னும் அது தென்னிந்தியாவின் பாறை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. பாறை இடுக்குகளில் முளைத்த புதர்களும் ஆலிச்சி போன்ற அத்தி வகை மரங்களும் உள்ள சரிவே அதற்கு உகந்த இடம். வெண்புருவச் சின்னானோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, தலையையும் தொண்டையையும் பாருங்கள்: தலை மஞ்சள் தோய்ந்து, தொண்டை பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும், வாலடியிலும் மஞ்சள் தெரியும். கூச்சம் மிகுந்த பறவை என்பதால் முதலில் குரலே கேட்கும், பறவை பாறையின் மறுபக்கம் இருக்கும். அப்போது ஏறிப் போகாமல் இருந்த இடத்திலேயே இருங்கள். பாறையைச் சுற்றி இரை தேடிக்கொண்டு அதுவே இந்தப் பக்கம் வரும்.

இங்கே வண்டியை நிறுத்துவதில் மிகுந்த கவனம் வேண்டும். வளைவிலோ வளைவுக்கு முன்போ நிறுத்தவே கூடாது. சாலை அகன்று, இரு பக்கமும் ஐம்பது மீட்டராவது பார்வைக்குத் தெரியும் இடத்தில் மண் பகுதிக்குள் முழுமையாக இறக்கி நிறுத்துங்கள். பள்ளத்தின் பக்கத் தடுப்புச் சுவரின் மீது ஏறி நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கால் கூசும்.

காப்பி நிழலில்

ஏரிக்கு அப்பால் நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள காப்பி எஸ்டேட்களே கூதிர் காலத்தின் உண்மையான அரங்கம். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அன்று முதல் சில்வர் ஓக், பலா, ஆரஞ்சு, மிளகுக்கொடி படர்ந்த மரங்கள் ஆகியவற்றின் நிழலில் வளரும் இந்தத் தோட்டங்கள், அழிந்துபோன சோலைக் காட்டுக்கு ஓரளவு ஈடாகப் பறவைகளைத் தாங்கி நிற்கின்றன. எஸ்டேட்கள் தனியார் நிலம். ரைட்டரிடமோ மேஸ்திரியிடமோ கேட்காமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. முதல் நாள் மாலையே போய்ப் பேசிவிட்டு வந்தால் மறுநாள் காலை நாய்களின் தொல்லையும் இராது. எதை எங்கே பார்த்தோம் என்பதை அவர்களே சொல்வார்கள்.

ஆறுமணிக் குருவியை நான் முதன்முதலில் நெருக்கத்தில் பார்த்தது அப்படி ஒரு மேஸ்திரியின் உதவியால்தான். பறவைப் படம் ஒன்றைக் காட்டிக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, “இதுக்கா சார் காடெல்லாம் சுத்துறீங்க? சத்தம் போடாம அந்தக் குழாயடிக்கு எதிர்க்க உக்காருங்க, அதுவா வரும்” என்றார். கசிந்துகொண்டிருந்த குழாயைச் சுற்றிச் சருகு ஊறிக் கிடந்தது. நாற்பது நிமிடம் கழித்து, சில்வர் ஓக் மரத்தின் அடியில் சருகு ஒன்று தானாகப் புரண்டது. அதன் பின்னால் மைனா அளவில், குட்டை வாலோடு, பச்சை முதுகும் மஞ்சட்பழுப்பு வயிறும் வாலடியில் குங்குமச் சிவப்புமாக ஒரு பறவை நின்றது. அலகால் சருகைப் புரட்டும், இரண்டு தாவல் தாவும், நின்று தலை சாய்த்துக் கேட்கும், மீண்டும் புரட்டும். மண்புழு ஒன்றை இழுத்தபோது அதன் கால்கள் இரண்டும் மண்ணில் ஊன்றி வளைந்தன. அரையிருட்டில் அந்தச் சிவப்பு மட்டும் தணலைப்போலத் தெரிந்தது.

நடு இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் கூடு கட்டும் இந்தப் பறவை அக்டோபரில் தெற்கே வருகிறது. விடியலிலும் அந்தியிலும், ஏறத்தாழ ஆறு மணிக்கு, இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர் வந்தது. பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். அந்திக் குரலை வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் குரல் எழுவதற்கு முன்பே அங்கே போய் அமர்ந்துவிடுவதே அதைப் பார்க்கும் வழி.

ஆறுமணிக் குருவி இரவில் வலசை வரும் பறவை என்பதால், வந்து சேரும் நாள்களில் களைத்துப்போய், மின்விளக்கில் தடுமாறி, ஜன்னல் கண்ணாடியில் மோதி வீட்டு வாசலிலேயே விழுவதுண்டு. சேலம் நகரத்துக்குள்ளும் இப்படி விழலாம். அப்படிக் கிடைத்தால் காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து, அதில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறு, பால் எதுவும் வேண்டாம். தெளிந்ததும் உள்ளே படபடப்பு கேட்கும். அருகிலுள்ள புதரோரத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டால் தானே போய்விடும். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அதே நிழலில் கொடிக்கால் வாலாட்டியும் நடமாடுகிறது. வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் புரியும். நிழலடர்ந்த, ஈரமான தரையையே அது விரும்புகிறது. மற்ற வாலாட்டிகளெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பின்னுடலோடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். மார்பில் இரண்டு கருவளையம் இருக்கும். ஓடைக்கரையிலும் ஈரச் சாலையிலும் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு முன்னே ஓடி, அலைபோல எழுந்து தாழ்ந்து பறக்கும் மஞ்சள் வயிற்றுப் பறவையைக் கண்டால் அது சாம்பல் வாலாட்டி.

புதருக்குள் நாக்கைச் சொடுக்கினாற்போல ‘டக்… டக்’ என்று ஒலித்து, ஆளைக் காட்டாமல் அலைக்கழிப்பது பிளைத் நாணல் கதிர்க்குருவி. அதைப் பார்க்க முயன்று நேரத்தை இழக்காதீர்கள். குரலைக் குறித்துக்கொண்டு நகருங்கள். மரங்களின் மேல்மட்டத்தில் காலை ஏழரைக்கு மேல் கலப்புக் கூட்டம் ஒன்று கடந்து போகும்: மின்சிட்டுகள், பட்டாணிக் குருவிகள், இலைக் கதிர்க்குருவிகள், ஈப்பிடிப்பான்கள், எல்லாவற்றுக்கும் காவலாகக் கரிச்சான்கள். வேட்டைக் கூட்டம் என்றும் இதைச் சொல்வர். ஒன்று கிளப்பிவிடும் பூச்சியை இன்னொன்று பிடிப்பதாலும், பருந்தை எந்தக் கண் முதலில் கண்டாலும் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை கிடைப்பதாலும் அவை சேர்ந்து திரிகின்றன. பத்து நிமிடம் முன்பு வெறுமையாக இருந்த மரத்தில் திடீரென இருபது பறவைகள் இருக்கும். பின்னால் ஓடாமல், கூட்டம் போகும் திசையைக் கணித்து முன்னே சென்று நின்றால் மீண்டும் உங்கள் தலைக்கு மேலேயே அது கடக்கும். எஸ்டேட் சாலையில் தாழப் பறந்து பச்சை மின்னலாக மறைவது நம் மாநிலப் பறவையான மரகதப்புறா; சருகில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு நடக்கும்போதுதான் அதை நிதானமாகப் பார்க்க முடியும்.

நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கும்போது பாறைகளின் மேலும் வரப்புக் கற்களின் மேலும் காப்பிக் கொட்டைகள் ஒட்டிக் கிடக்கும் எச்சத்தைக் காணலாம். அது மரநாயின் வேலை. பழுத்ததில் பழுத்ததாகப் பொறுக்கித் தின்று, கொட்டையை அப்படியே வெளியேற்றிவிடும். இரவில் டார்ச் அடித்துக்கொண்டு அதைத் தேடி அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விடிந்ததும் எச்சத்தையும், முள்ளம்பன்றி உதிர்த்த முள்ளையும், காட்டுப்பன்றி கிளறிய மண்ணையும் படித்தால் இரவு நடந்ததெல்லாம் தெரிந்துவிடும்.

தரையிலும் சுவரிலும்

பறவைக்காகத் தலையை அண்ணாந்தே நடப்பவர்கள் இம்மலைக்கே உரிய சிலவற்றைத் தவறவிடுகின்றனர். ஏற்காட்டின் பெயரையே அறிவியல் பெயராகப் பெற்ற பல்லி ஒன்று இங்கே உண்டு. நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்று 2000ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட அந்தச் சிறு பல்லியை ஈரப்பாறையிலும் மரத்தின் அடித்தண்டிலும் பழைய கற்சுவரிலும் பகலிலேயே பார்க்கலாம். வீட்டுப் பல்லிக்குக் கண்ணின் பாவை செங்குத்துக் கீற்றாக இருக்கும். இதற்கோ வட்டமாக இருக்கும். விரல்களில் ஒட்டும் பட்டை இல்லாமல் நகமுள்ள மெல்லிய விரல்களால் பற்றி நிற்கும். பாறையோடு பாறையாக நிறம் கலந்திருப்பதால், முழங்காலிட்டு ஒரே பாறையை ஐந்து நிமிடம் பார்த்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

மழை நாள்களில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டுச் சாலையைக் கடக்கும் கேடயவால் பாம்பு ஒன்றும் சேர்வராயன் மலைக்கே உரியது. 1863இல் பெடோம் என்பவரால் விவரிக்கப்பட்ட அது, மண்புழுவைத் தின்று வாழும் நஞ்சற்ற பாம்பு. வால் மழுங்கியிருப்பதால் இரட்டைத்தலைப் பாம்பு என்று அஞ்சி அடித்துவிடுகிறார்கள். அதற்குத் தப்பினால் வண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது. மழை விட்ட நேரத்தில் எஸ்டேட் சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். நஞ்சுள்ள பாம்புகளும் மலையில் உண்டு என்பதால் காணும் எதையும் கையால் தொட வேண்டாம். கடிபட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது ஆகிய எதையும் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பட்டாம்பூச்சிகளுக்கு வெயில் வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல்தான் அவற்றின் நேரம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்தும் சமவெளியிலிருந்தும் அக்டோபர், நவம்பரில் மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிச் செல்லும் கூட்டங்களில் பெரும்பாலானவை கருஞ்சிறகில் வெளிர்நீலக் கோடும் புள்ளியும் கொண்ட நீல வரியன்களும், சிறகோரத்தில் வெண்புள்ளி வரிசையுள்ள கருப்பன்களுமே. மேற்குப் பக்கம் திறந்த ஒரு சரிவில் நின்று, ஒரு மரத்தைக் குறியாக வைத்துக்கொண்டு, அதை ஐந்து நிமிடத்தில் எத்தனை கடக்கின்றன, எந்தத் திசையில் என்று எண்ணுங்கள். இடையில் அவை எங்கே தங்குகின்றன என்று அறியக் கிலுகிலுப்பைச் செடியைத் தேடுங்கள். காய்ந்த நெற்றை ஆட்டினால் சலசலக்கும் மஞ்சள் பூச்செடி அது. அதன் வாடிய இலையையும் தண்டையும் ஆண் பூச்சிகள் காலால் சுரண்டி, கசியும் சாற்றை உறிஞ்சும். அதிலுள்ள ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருளிலிருந்துதான் பெண்ணை ஈர்க்கும் வாசனையை அவை உண்டாக்கிக்கொள்கின்றன. ஒரே தண்டில் பதினைந்து இருபது பூச்சிகள் இலைகளைப்போலத் தொங்குவதை ஒரு முழத் தொலைவில் நின்று பார்க்கலாம். சாற்றில் மயங்கியதுபோல இருக்கும் அவை எளிதில் கலையமாட்டா. நிழலை மட்டும் அவற்றின் மேல் விழவிடாதீர்கள்.

காட்டு மாடு

செய்தித்தாள்கள் காட்டெருமை என்று எழுதும் விலங்கு எருமை இனத்தைச் சேர்ந்ததில்லை. காட்டு மாடு என்ற வழக்கே சரி. நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டாற்போன்ற இந்தக் கரிய விலங்கு, ஆறடி தோள் உயரமும் ஒரு டன்னை நெருங்கும் எடையும் கொண்டது. ஏற்காட்டுத் தோட்டங்களில் அந்தியிலும் விடியலிலும் இது எதிர்ப்படக்கூடும். பசுவைப்போல நின்று மேய்வதைப் பார்த்துச் செல்ஃபி எடுக்க நெருங்குகிறவர்கள் உள்ளனர். குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள்; கன்றோடு இருந்தாலோ தனித்த காளையாக இருந்தாலோ நூறு மீட்டர். அது மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் உங்களைக் கவனித்துவிட்டது என்று பொருள். சீறினாலோ, தலையைத் தாழ்த்தினாலோ, தன் உடலின் அகலத்தைக் காட்டுவதுபோலப் பக்கவாட்டில் திரும்பி விறைத்து நின்றாலோ அது எச்சரிக்கை. திரும்பி ஓடாமல், அதன் மீது கண் வைத்தபடியே பின்னோக்கி நடந்து, மரத்தையோ வண்டியையோ இடையில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் குறுக்கே நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்திக் காத்திருங்கள். கூட்டமாக இருந்தால் ஒன்று கடந்ததும் புறப்படாதீர்கள். பின்னால் கன்று வரும்.

பார்க்கும் முறை

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். சாலையோரத்திலிருந்தும் ஊர்ப்பாதையிலிருந்தும் பார்ப்பதற்கே ஓராண்டுக்குப் போதுமானவை உள்ளன. செல்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல நூறு கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடும் பறவையை இல்லாத எதிரியோடு சண்டைக்கு இழுப்பது அது. மெர்லின் போன்ற செயலிகள் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அந்தப் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணால் கண்ட பிறகே பட்டியலில் எழுதுங்கள். 2019 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை செய்யப்பட்டுள்ளதால் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலிலேயே கொண்டு போங்கள்.

குறிப்பேட்டில் நாள், நேரம், இடம், வானிலை, உயிரினம், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை அங்கேயே உட்கார்ந்து எழுதுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் நிறங்கள் மாறிவிடும். பிறகு பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றலாம். ஒன்றும் தென்படாத காலையையும் ஏற்றுங்கள். கூதிரில் கண்ணும் காதும் பழகியவர்கள், 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஜனவரியில் கலந்துகொள்ளலாம்.

இறங்குவதற்கு ஐந்தரைக்கு மேல் தாமதிக்க வேண்டாம். பனியும் இருட்டும் சேர்ந்துவிட்டால் வெள்ளைக் கோடு கூடத் தெரியாது. இரண்டாம் கியரில், தாழ்விளக்கோடு, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு இறங்குங்கள். பாதி வழியில் எங்காவது அகன்ற இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றால், மணி ஆறை நெருங்குகையில் கீழே எங்கோ ஒரு புதரிலிருந்து அந்த இரட்டைச் சீழ்க்கை கேட்கக்கூடும். கேட்டால் வளைவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை உட்கார வேண்டிய இடம் அதுதான்.